இரைச்சல் திரும்பும் வழி

சென்ற மாதம் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காக அலமாரிகளை ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டிருந்தபோது, மேல்தட்டின் மூலையில் பழைய நாலுமுழ வேட்டி ஒன்றில் சுற்றி வைத்திருந்த டிரான்ஸிஸ்டர் வானொலி கைக்கு அகப்பட்டது. வேட்டியைப் பிரித்த மாத்திரத்தில், வெடித்துப்போன தோலுறையின் வாசனையோடு ஸ்பிண்டில் எண்ணெயும் பஞ்சுத் தூசியும் கலந்த அந்த ஆலை வாசனை, இத்தனை வருஷங்கள் அடைபட்டுக் கிடந்தும் மங்காமல் முகத்தில் வந்து மோதிற்று. "மாமா, இதை இன்னுமா வெச்சிருக்கீங்க? பழைய சாமான்காரர் வந்தாப் போட்டுரலாமுங்களா?" என்று மருமகள் கேட்டாள். வேண்டாம் அம்மிணி என்று சொல்லி மேஜைமேல் வைத்தேன். பாட்டுக் கேட்பதற்கென்று வாங்கிய அந்தச் சிறு பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டுதான், என் உத்தியோக வாழ்க்கையின் மிக நுட்பமான பாடத்தை, கோயமுத்தூருக்குக் கிழக்கே இருந்த ஒரு நூற்பாலையின் கேபிள் கால்வாய்களின் ஓரமாக இரவு ஷிப்டுகளில் நடந்து நடந்து நான் கற்றுக்கொண்டேன்.

நான் சிறுவனாயிருந்தபோது வானொலி வீட்டுக்கு வீடு இருந்த சாதனமன்று. தபால் நிலையத்தில் வருஷந்தோறும் உரிமக் கட்டணம் செலுத்தி, அதற்கென்று கொடுத்த புத்தகத்தில் முத்திரை ஒட்டி வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆலைக் குடியிருப்பு வரிசையில் ஒரு வீட்டுப் பெட்டி பாடினால் நாலு வீட்டுத் திண்ணைகள் அதைக் கேட்டன. பின்னால் டிரான்ஸிஸ்டர் வந்து, கட்டணமும் போய், ஆளுக்கொரு பெட்டி என்றான பிறகும், டெல்லியிலிருந்து சரோஜ் நாராயண்சுவாமியின் குரல் செய்தி வாசிக்கிற வேளையில் அந்த வரிசை முழுவதும் ஒரே குரல் வீட்டுக்கு வீடு தொடர்ந்து வருவதைக் கேட்டபடியே ஒருவன் தெருமுனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போய்விடலாம். திருச்சி நிலையம் 936 கிலோஹெர்ட்ஸில் எந்த இடத்தில் அகப்படும் என்பது, எழுத்துப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கும் விரல் நுனியில் தெரிந்திருந்தது.

பைக்காரா நீர்மின்சாரம் 1932-இல் மலையிலிருந்து இறங்கி வந்த பிறகு எங்கள் ஊரில் ஆலைகள் பெருகியதையும், 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை இங்கேயே செய்து காட்டியதையும் பெரியவர்கள் பெருமையோடு சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆகையால் மோட்டார் என்பது எனக்கு வெறும் யந்திரமாக ஒருநாளும் தோன்றியதில்லை. ஆனால் அந்த மோட்டாருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று மாறுவதால், நாலு துருவ மோட்டார் நிமிஷத்துக்கு 1440 சுற்றுக்கு அருகிலேயே ஓடுமேயன்றி, நூலின் கவுண்ட் மாறிற்று, சற்றே மெதுவாகப் போ என்றால் கேட்காது. வேகத்தை மாற்ற வேண்டுமானால் நூல் நூற்கும் ரிங் பிரேமை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, புல்லியை மாற்ற வேண்டும். அந்தக் கனத்த புல்லிகளை அளவுவாரியாகச் சுவரில் மாட்டி, ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் துடைத்து, பூஜைப் பாத்திரங்களைப் பராமரிக்கும் சிரத்தையோடு பராமரித்த ஃபிட்டர் மேஸ்திரி ஒருவர் எங்களிடம் இருந்தார். டிரைவ் வந்தபோது அந்தச் சுவர் வெறுமையாயிற்று.

டிரைவ் என்று நாங்கள் சொன்ன அந்தச் சாம்பல் நிறப் பெட்டி, மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தின் அதிர்வெண்ணையே வேண்டியபடி மாற்றித் தருவது. நூல் அறாதபடி கதிர்களை நிதானமாகத் தொடங்கி, நடுவில் விரைவாக ஓட்டி, நூல் சுற்றும் காப் நிறையும் தறுவாயில் மறுபடியும் தணிக்கும் காரியத்தை அது தானாகவே செய்தது. அதைவிடப் பெரிய லாபம் ஆலைக்குள் ஈரக்காற்றைச் செலுத்தும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டின் பெரிய காற்றாடிகளில் கிடைத்தது. காற்றாடிக்கு வேண்டிய சக்தி வேகத்தின் முப்படியாக ஏறி இறங்குவதால், வேகத்தை ஐந்தில் நான்கு பங்காகக் குறைத்த அளவிலேயே மின்சாரச் செலவு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. மின் கட்டணச் சீட்டைப் பார்த்த நிர்வாகத்தார் மேலும் மேலும் டிரைவ்களை வாங்கினார்கள். அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பூரணமான பங்கு உண்டு.

அதற்குப் பின் சில நாட்களிலேயே உபத்திரவங்கள் தொடங்கின. பஞ்சு எடை போடும் எலெக்ட்ரானிக் தராசு யாரும் தொடாதபோதே எண்களை மாற்றி மாற்றிக் காட்டிற்று. நூல் அறுந்ததைக் கண்டுபிடிக்கும் சென்சார்கள் அறாத நூலை அறுந்ததாகச் சொல்லி யந்திரத்தை நிறுத்தின. நடுநிசியில் எர்த் லீக்கேஜ் ரிலே காரணமின்றி விழுந்து ஒரு பகுதியே இருளில் மூழ்கும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, முதல் புகார் வந்தது குடியிருப்பு வரிசையிலிருந்துதான். ஒருநாள் மாலை கேட்டருகே வயதான அம்மா ஒருவர் என்னை நிறுத்தி, "ஏனுங்க தம்பி, உங்க மில்லுக்குள்ள என்னத்தைங்க கொண்டாந்து வெச்சிருக்கீங்க? திருச்சி ஸ்டேஷன் வெச்சா ஒரே கொர்ருனு சத்தமுங்க. சாமி பாட்டு ஒண்ணு கேக்க முடியலீங்க" என்றார். மோட்டாருக்கும் வானொலிக்கும் என்ன சம்பந்தம் என்று அலுவலகத்தில் சிலர் அதைப் பொருட்படுத்தவில்லை. எனக்கோ அந்தப் பாட்டியம்மாளின் சொல்லில்தான் நோயின் மூலம் இருப்பதாகத் தோன்றிற்று, ஏனென்றால் ஆலைக்குள் இருந்த உபகரணங்கள் உள்ளே அனுபவித்த வேதனையையே அவருடைய பெட்டி வெளியே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது.

மின்சாரத்தில் என்ன கோளாறு வந்தாலும் எர்த் போதவில்லை என்று சொல்வது அக்காலத்து வழக்கம். எங்கள் ஆலையிலும் அந்த வழக்கப்படியே, மதிலோரமாகப் புதிய எர்த் குழிகள் வெட்டப்பட்டன; கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, குழாய் இறக்கி, வேளைக்கு வேளை தண்ணீர் ஊற்றும் பொறுப்பு தோட்டக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. எர்த் குழியை நான் குறை கூறவில்லை. மனித உயிரைக் காப்பது அது, அதற்குரிய மரியாதை அதற்கு என்றும் உண்டு. ஆனால் இந்த இரைச்சல் பூமிக்குள் போய் மறைந்துவிடக்கூடிய பொருளன்று. மின்பிரவாகம் எதுவானாலும், தான் புறப்பட்ட இடத்துக்கே ஏதாவது ஒரு வழியில் திரும்பி வந்தாக வேண்டும். நாம் நல்ல வழி போட்டுக் கொடுக்காவிட்டால், அது தராசின் கம்பி வழியாகவும், சென்சாரின் கம்பி வழியாகவும், குடியிருப்புக்குப் போகும் லைன் வழியாகவும் வழி தேடிக்கொள்ளும். குழிகள் வெட்டி முடிந்த பிறகும் திருச்சி நிலையம் கேட்கவில்லை.

ஒப்பணக்காரத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் வால்வு ரேடியோ காலத்திலிருந்து பழுது பார்த்துவந்த பெரியவர் ஒருவர் இருந்தார். ஊரில் எல்லோரும் அவரை ரேடியோ பாய் என்றே அழைப்பார்கள். என் டிரான்ஸிஸ்டரைப் பழுது பார்க்கப் போன இடத்தில் பேச்சோடு பேச்சாக எங்கள் ஆலையின் சங்கடத்தைச் சொன்னேன். அவர் சால்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்துவிட்டு, பெட்டியின் முதுகைத் திறந்து, உள்ளே செப்புக் கம்பி சுற்றியிருந்த கரிய ஃபெரைட் தண்டைக் காட்டினார். "தம்பி, இதுதான் இதோட காது. ஸ்டேஷன் இல்லாத எடத்துல முள்ளை நிறுத்திட்டு, இதைக் கொண்டுபோய் உங்க ஒயர்கிட்ட பிடிங்க. ஒயரோட இணையாப் பிடிச்சா வாயை மூடிக்கும்; குறுக்கே பிடிச்சாக் கத்தும். எந்த ஒயர் கத்த வெக்குதோ அதுதான் உங்க திருடன்" என்றார். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் கருவிகளைப் பின்னால் நான் எத்தனையோ கண்டேன். எதுவும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகக் கற்றுத் தந்ததில்லை.

இரவு ஷிப்டில், ரிங் பிரேம்களின் பேரோசைக்கு நடுவே ஒற்றைக் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, வயர்மேன் ஒருவர் டார்ச் பிடிக்க, கேபிள்களின் தடம் பற்றி நடந்தேன். மின்சாரம் உள்ளே வரும் கேபிளின் பக்கத்தில் சீறலாக இருந்த ஒலி, டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளை நெருங்கியதும் காது பொறுக்கமுடியாத அலறலாயிற்று. மோட்டார் கேபிளும் சென்சார் கம்பிகளும் இடம் மிச்சம் என்ற ஒரே காரணத்துக்காக ஒரே டிரேயில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்டு நெடுந்தூரம் சேர்ந்து பிரயாணம் செய்தன. கத்தியவன் ஒருவனும் அவனருகே கட்டிப்போடப்பட்டதால் துன்பப்பட்டவன் ஒருவனுமாக இருந்தார்கள். சில இடங்களில் கவசமுள்ள கேபிளே போட்டிருந்தும் அலறல் குறையவில்லை. டார்ச்சைக் கிட்டே கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால், கேபிளின் கவசப் பின்னலை முறுக்கி, ஒரு சிறு வாலாக நீட்டி, பெயின்ட் பூசிய தகட்டின்மேல் ஒரு போல்ட்டில் கட்டியிருந்தார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தால் இணைப்பு சரியாகவே காட்டும். அந்த வாலில்தான் சூட்சுமம் முழுவதும் இருந்தது.

அதைச் சற்று விளக்காமல் மேலே போக எனக்கு மனமில்லை. டிரைவ் முதலில் 415 வோல்ட் மாறுமின்சாரத்தை ஏறக்குறைய 580 வோல்ட் நேர்மின்சாரமாக்கி, பிறகு அதை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி, அகலமும் குறுகலுமான துண்டுகளாக மோட்டாருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு வெட்டிலும் அந்த 580 வோல்ட்டும் ஒரு மைக்ரோ விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் எழுந்து நிற்கக்கூடும். கேபிளுக்கும் அது படுத்திருக்கும் இரும்புக்கும் இடையே, மோட்டாரின் சுருளுக்கும் அதன் உடலுக்கும் இடையே, யாரும் வைக்காமலே இயற்கையாக ஒரு கண்டென்சர் அமைந்திருக்கிறது. அது ஒரு நானோஃபாரடு அளவே ஆனாலும், அத்தனை விரைவாக வோல்ட்டேஜ் எழும்போது ஆறு ஆம்பியருக்குச் சமீபமான பிரவாகம் க்ஷண நேரத்துக்கு அதனூடே பாய்ந்துவிடும். வெட்டு விநாடிக்கு 4,000 தடவை நிகழ்கிறது என்று வைத்துக்கொண்டால், 4 கிலோஹெர்ட்ஸின் மடங்குகள் யாவும் மத்திய அலை முழுவதும் வரிசையாக நின்று ஒலிக்கும். அவற்றில் சரியாக 234-ஆவது மடங்கு 936 கிலோஹெர்ட்ஸ். எங்கள் டிரைவ் திருச்சி நிலையத்தின் ஆசனத்திலேயே ஏறி அமர்ந்திருந்தது என்பதைத் தாளில் கணக்கிட்டுப் பார்த்த இரவில், அந்தப் பாட்டியம்மாள் சொன்னது எவ்வளவு துல்லியமான அளவீடு என்று எனக்கு விளங்கிற்று.

அந்த வாலுக்கு வருகிறேன். பத்து சென்டிமீட்டர் கம்பி என்பது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குத் தடையே அன்று. ஆனால் 10 மெகாஹெர்ட்ஸில் அதே கம்பி ஏறக்குறைய ஆறு ஓம் தடையாக எழுந்து நிற்கிறது. ஆகவே கவசத்தை வாலாக முறுக்கிவிட்டால், இரைச்சலைப் பொறுத்தவரை கவசம் கழன்றே கிடக்கிறது என்று அர்த்தம். பரிகாரம் எளியது, ஆனால் பொறுமை வேண்டுவது. மோட்டார் கேபிளை மூன்று கடத்திகளும் சமச்சீராக அமைந்த கவசக் கேபிளாக மாற்றி, இரு முனைகளிலும் கவசம் சுற்றளவு முழுவதும் பித்தளை கிளாண்டைத் தழுவி நிற்கும்படி இறுக்கி, கிளாண்ட் உட்காரும் தகட்டின் பெயின்ட்டை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டினோம். பேனலின் கதவுகளுக்கு உருண்டைக் கம்பிக்குப் பதிலாக அகலமான செப்புப் பின்னல் பட்டைகளைப் போட்டோம். சென்சார் கம்பிகளைத் தனி டிரேயில் ஒரு அடிக்குமேல் தள்ளிப் பிரித்து, குறுக்கிட வேண்டிய இடங்களில் செங்கோணமாகக் குறுக்கிடச் செய்தோம். இரைச்சலுக்கு, அது பிறந்த டிரைவுக்கே குறுகிய, அகலமான பாதையில் திரும்பிச் செல்லும் வழி ஒன்று இவ்விதம் ஏற்பட்டது. ஒவ்வொரு கிளாண்டை முடித்ததும் வயர்மேன் என்னிடமிருந்து வானொலியை வாங்கித் தானே குறுக்கே பிடித்துக் கேட்பார். ஒலி அடங்கியிருந்தால் அவர் முகத்தில் தோன்றும் சந்தோஷத்தை இன்றும் நினைக்கிறேன்.

ஃபில்டர் கடைசியாகத்தான் வந்தது. பலரும் முதலில் அதைத்தான் வாங்குகிறார்கள், அது தவறான கிரமம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். கேபிளும் கிளாண்டும் சீர்படாத பேனலில் எவ்வளவு உயர்ந்த ஃபில்டரை வைத்தாலும் இரைச்சல் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அதை டிரைவை ஒட்டி, பெயின்ட் இல்லாத தகட்டின்மேல் உட்கார வைத்து, உள்ளே வரும் கம்பியும் வெளியே போகும் கம்பியும் ஒன்றாகக் கட்டப்படாமல் பார்த்துக்கொண்டால்தான் அது தன் காரியத்தைச் செய்யும். அதிலும் ஒரு விக்கினம் உண்டு: ஃபில்டருக்குள் எர்த்தோடு சேர்க்கப்பட்ட கண்டென்சர்கள் எந்நேரமும் சிறிது மின்சாரத்தை எர்த்துக்கு விட்டுக்கொண்டே இருப்பதால், அந்தக் கசிவை எதிர்பாராத பழைய ரிலே இன்னும் அடிக்கடி விழத் தொடங்கிற்று, டிரைவ்களுக்கென்றே அமைந்த ரிலேயை வருவித்த பிறகே நடுநிசி இருட்டு தீர்ந்தது. காற்றாடி மோட்டாரின் கீச்சொலி பொறுக்கவில்லை என்று பிளான்ட் ஆட்கள் சொன்னதன்பேரில் வெட்டும் விகிதத்தை உயர்த்தினால், மோட்டார் மௌனமாகிப் பக்கத்திலிருந்த மீட்டர்கள் துடிக்க ஆரம்பித்தன. காதின் சுகத்துக்கும் கம்பியின் சுத்தத்துக்கும் இடையே பேசிப் பேசி ஒரு நடுநிலையில் நிறுத்தினோம்.

பேரிங் கதையும் இதோடு சேர்ந்ததே. டிரைவில் ஓடிய மோட்டார் ஒன்று ஆயுள் முடியுமுன்பே உறுமத் தொடங்கியதால், பேரிங்கைக் கழற்றி அறுத்துப் பார்த்தபோது, குண்டுகள் ஓடும் பாதை நெடுகிலும் அம்மி கொத்தினாற்போல் சீரான கோடுகள் விழுந்திருந்தன. நல்ல வழி கிடைக்காத பிரவாகம் மோட்டாரின் அச்சு வழியாக ஏறி, எண்ணெய்ப் படலத்தைத் துளைத்து, பொறி பொறியாகக் குதித்ததன் தடயம் அது. புல்லி மேஸ்திரி அதை வெகுநேரம் உள்ளங்கையில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல மண்ணும் இல்லை, தண்ணியும் இல்லை, கிரீஸும் நல்லா இருக்குதுங்க, அப்புறம் எதுங்க தின்னுச்சு?" என்று கேட்டார். பெரிய மோட்டார்களுக்கு ஒரு பக்கம் இன்சுலேஷன் செய்த பேரிங்கும், அச்சைத் தொட்டு நிற்கும் எர்த் வளையமும் போட்ட பிறகு அந்தக் கோடுகள் வரவில்லை.

வெட்டுகிற அந்தச் சாதனமான ஐ.ஜி.பி.டி.யை உருவாக்கிய ஜெயந்த் பாலிகா சென்னையில் பிறந்தவர், சென்னை ஐ.ஐ.டி.யில் 1969-இல் பட்டம் பெற்றவர் என்பதைப் பிற்காலத்தில் படித்து மகிழ்ந்தேன். அவர் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் செய்த காரியம் உலகத்தின் மின்சாரத்தை எவ்வளவு மிச்சப்படுத்திற்று என்பதை எங்கள் காற்றாடிகளே எனக்குச் சொல்லியிருந்தன. ஒவ்வொரு வெட்டும் எவ்வளவு விரைவாக நிகழ்ந்து முடிகிறதோ அவ்வளவுக்கு அதில் வெப்ப நஷ்டம் குறைவு. அதே விரைவுதான் இரைச்சலுக்கும் காரணம். ஆகையால் இரைச்சலை ஒரு குற்றமாகக் கருதாமல், அந்த லாபத்தோடு சேர்த்துத் தீர்க்க வேண்டிய கடனாகவே நான் கருதிவந்திருக்கிறேன். வானொலி இடையூறுகளை அளந்து வரம்பு கட்டுவதற்கென்று சிஸ்பர் என்னும் சர்வதேசக் குழு 1934-லேயே அமைந்துவிட்டது, டிரைவ்களுக்கென்று ஐ.இ.சி. 61800-3 என்ற நியமம் பிற்பாடு வந்து, வீடுகளுக்கு மின்சாரம் தரும் லைனோடு சேர்ந்த சூழலுக்குக் கடுமையான வரம்பும், தனி டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும் ஆலைச் சூழலுக்குத் தளர்ந்த வரம்பும் வகுத்தது. எங்கள் இடத்திலோ ஆலையின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தே குடியிருப்பு வரிசைக்கும் மின்சாரம் போயிற்று. தளர்ந்த வரம்பு போதும் என்று வாதாடியவர்களிடம் நான் ஒவ்வொரு தடவையும் சொன்னது இதுவே: மதிலுக்கு அப்பால் இருப்பவர்கள் நம் கம்பியிலேயே இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் என்ன கேட்கிறது என்பதற்கு நாம்தான் பொறுப்பு. வேலை முடிந்தபின் அந்த அம்மாவின் வீட்டில் திருச்சி நிலையம் தெளிவாகக் கேட்டது. தொலைதூரத்து மெல்லிய நிலையங்களின்மேல் ஒரு சீறல் மாத்திரம் கடைசிவரை மிஞ்சியிருந்தது.

இன்று அந்தக் குடியிருப்பு வரிசை இல்லை. ஆலைச் சங்கும் ஊதுவதில்லை. ஆனால் அன்று ஆலைக்குள் மட்டும் இருந்த டிரைவ் இன்று அடுக்குமாடி லிஃப்டிலும், இன்வெர்ட்டர் ஏ.சி.யிலும், காட்டுக்கு நடுவே சோலார் பம்புசெட்டிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. சமீபத்தில் பல்லடம் பக்கம் என் தங்கை மகனின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஆயிரம் அடிக்குமேல் இறங்கிய போர்வெல்லில் நீர்மூழ்கி மோட்டார், மேலே ஷெட்டில் டிரைவ். நீர்மட்டம் காட்டும் கருவி, மோட்டார் ஓடும்போதெல்லாம் கிணறு நிரம்பிவிட்டதாகச் சொல்கிறது என்று குறைப்பட்டான். "மாமா, கருவியை மாத்திரட்டுமுங்களா?" என்றான். அத்தனை நீளக் கேபிளில் டிரைவின் வெட்டுகள் போய் மோட்டாரில் மோதித் திரும்புகையில் வோல்ட்டேஜ் ஏறக்குறைய இரட்டிப்பாகிச் சுருளையே வருத்தும் என்பதையும், நீர்மூழ்கி மோட்டாரின் தட்டைக் கேபிளுக்குக் கவசம் இல்லாததால் இங்கே டிரைவின் வாயிலேயே ஒரு சைன் ஃபில்டர் வைத்து வெட்டுகளை வழவழப்பாக்கி அனுப்புவதே உசிதம் என்பதையும், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அவனுக்கு விவரமாகச் சொன்னேன். விலையைக் கேட்டுச் சற்றே தயங்கினான். மோட்டாரை மேலே இழுத்துச் சுருள் கட்டும் செலவை அவனே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்த வாரமே வாங்கி மாட்டிவிட்டான். நீர்மட்டக் கருவியின் கம்பியை மட்டும் இன்னும் மோட்டார் கேபிளோடு சேர்த்தே பைப்பில் கட்டியிருக்கிறான். அடுத்த தடவை மோட்டாரை மேலே எடுக்கும்போது அதைக் கவசக் கம்பியாக மாற்றித் தனியாக இறக்க வேண்டும், ஷெட்டில் டிரைவ் உட்கார்ந்திருக்கும் தகட்டின் பெயின்ட்டையும் சுரண்ட வேண்டும். உப்புத்தாள் வாங்கி வைத்திருக்கும்படி நேற்றுதான் போனில் சொன்னேன்.